பச்சை எரிந்தால் ஆள் உண்டு

செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்குக் குமட்டியது. கொண்டை ஊசி வளைவுகள் பாதி. மீதி, பலாப்பழம். ஆனி மாதம். மலை முழுக்கப் பலா பழுத்து, பறிக்க ஆளில்லாமல் விழுந்து, வெடித்து, மழையில் ஊறிக் கிடந்தது. ஊரே மெச்சும் வாசனைதான். ஆனால் அந்த இனிப்புக்கு அடியில் ஓர் அழுகல் இருக்கும். எனக்கு எப்போதும் அந்த அழுகல்தான் முதலில் மூக்கில் ஏறும்.

நான் கொஞ்சம் சுத்தம் பார்ப்பவன். அடுத்தவர் கீபோர்டைத் தொடுவதற்கு முன்னால் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். கேலி செய்வார்கள், செய்யட்டும். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தவனுக்குத்தான் மனிதர்கள் எதையெல்லாம் தின்றுகொண்டே டைப் அடிக்கிறார்கள் என்று தெரியும்.

சேந்தமங்கலத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அது 2003. மலையடிவாரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, செம்மேட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருந்தது. மலைக்காரர்களின் ரத்தத்தை அங்கேயே சோதித்து, ரிப்போர்ட்டைக் கம்பியில்லா ஆண்டெனா வழியாகக் கீழே அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட்டுகள் ஒரு மாதமாக வந்து சேரவில்லை. அதைச் சரி செய்யத்தான் நிர்வாக அதிகாரி பூபதி என்னை அனுப்பினார்.

எனக்கு வேறொரு வேலையும் இருந்தது. அந்த லேப்பில் டெக்னீஷியனாக இருந்தது என் தங்கை மெஹ்ரின். பொங்கல் கழிந்து சேர்ந்து அங்கேயே தங்கியிருந்தவள். எங்கள் குடும்பத்தில் வெளியூர் போய் வேலை பார்த்த முதல் பெண். போன தடவை வீட்டுக்கு வந்தபோது சோற்றில் கை வைக்கவில்லை. டெட்டால் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை இரண்டும் தோலுரிந்து கிடந்தது. கிளம்பும்போது அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான். “மெஷின் ஓடுனா ஓடுது, ஓடாட்டிப் போகுது. எம்புள்ளையக் கையோட கூட்டிட்டு வந்துரு.”

லேப்புக்குப் போகும் மண் பாதையில் மூட்டம் இறங்கியிருந்தது. பகல்தான், ஆனால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. செருப்புக்குள் ஏதோ வழுக்கியது. குனிந்து பார்த்தால் இரண்டு விரலுக்கு நடுவில் ஓர் அட்டை, குடித்துக் குடித்துப் பருத்து, கருப்புத் திராட்சை போல. பிடுங்கி எறிந்துவிட்டு நின்ற இடத்திலேயே துப்பினேன்.

வாசலில் ஒரு பெரியவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் சின்னுசாமி.

“வாங்க சாமி. கம்ப்யூட்டர்காரருங்களா?”

“ஆமாங்க. மெஹ்ரினோட அண்ணன். பொண்ணு உள்ள இருக்குதுங்களா?”

“யாருங்க?”

“லேப்ல வேலை பாக்கற பொண்ணுங்க.”

அவர் கட்டடத்தையே சிறிது நேரம் பார்த்தார். “தெரியலீங்க. இன்னைக்கு உள்ள இருக்கற மாதிரி தெரியலீங்களே” என்றார்.

மெஹ்ரின் உள்ளேதான் இருந்தாள். வாசலுக்கு நேரே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் நின்ற இடத்திலிருந்து அவள் முகமே தெரியும். கிழவருக்குக் கண் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

“அண்ணே” என்று எழுந்து வந்தாள். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். பக்கத்தில் வந்ததும் அந்த வாசனை. டெட்டாலுக்கு அடியில், பலாவுக்கு அடியில் இருக்கும் அதே அழுகல். என் சொந்தத் தங்கையின் மேல். நான் மூச்சை அடக்கியது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எம்மேல இல்லண்ணே” என்றாள் மெல்ல. “இந்த ரூம்தான். எவ்வளவு கழுவுனாலும் போக மாட்டேங்குது.”

“மெஹ்ரின், பையை எடுத்து வை. இன்னைக்கே கீழ போறோம்.”

“மெஷினைச் சரி பண்ணிக் குடு, போதும். வேலைய விட்டுட்டு வரமாட்டேன்.” பிடிவாதம் எங்கள் வீட்டுச் சொத்து. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஆனா இங்க யாருக்கும் நான் கண்ணுல படறதில்லண்ணே. டாக்டர் வந்தா, லேப்ல ஆள் இல்லயான்னு என்னைப் பார்த்துக்கிட்டே கேக்கறாரு. போன வாரம் சின்னுசாமி அய்யா என்னை உள்ள வெச்சே பூட்டிட்டுப் போயிட்டாரு. கத்துனேன். காதுலயே விழல அவருக்கு” என்றாள்.

மலையில் தனியாக இருந்து மனசு கெட்டுவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். வேலையை முடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று சர்வர் முன்னால் உட்கார்ந்தேன்.

சர்வரைத் திறந்தால் பல்லி முட்டை ஓடுகள், எலிப் புழுக்கை, காற்றாடியின் இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிய மயிர். துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பஞ்சு பழுப்பாகவே வந்தது. ஆனால் உண்மையான அசிங்கம் உள்ளே, செட்டிங்கில் இருந்தது. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவன் அர்த்தனாரி என்றொரு கான்ட்ராக்டர். அவன் செய்து வைத்ததைப் பார்த்தபோது எச்சில் தட்டில் கை வைத்தது போல இருந்தது.

புரியும்படி சொல்கிறேன். சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று லேப் பக்கம். இன்னொன்று ஆண்டெனா வழியாக ஆஸ்பத்திரிப் பக்கம். இரண்டும் இரண்டு தனித் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எந்தத் தெரு என்று பிரித்துக் காட்டுவது சப்நெட் மாஸ்க் என்கிற எண். ஒரு மாதத்துக்கு முன்னால் வந்த அர்த்தனாரி இரண்டு கார்டுக்கும் ஒரே அகலமான மாஸ்க்கைப் போட்டு வைத்திருந்தான். பாவம் சர்வர், இரண்டு தெருவும் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ரிப்போர்ட்டை எல்லாம் லேப் பக்கத்துக் கம்பியிலேயே தள்ளிக்கொண்டிருந்தது.

அதற்கும் வெகு முன்னாலேயே இன்னொன்றும் செய்திருந்தான். லேப் கார்டின் மேல் ஓர் ஏலியாஸ். அதாவது ஒரே கார்டுக்கு இரண்டாவதாக ஒரு முகவரி. அந்த முகவரி 192.168.10.7. அது லேப் மெஷினுடைய முகவரி. ஏழாம் நம்பர் மெஷினை யார் கூப்பிட்டாலும் சர்வரே “இருக்கிறேன்” என்று பதில் சொல்லிவிடும். மெஹ்ரின் தன் மெஷினை ஆன் செய்கிற ஒவ்வொரு காலையும், இந்த முகவரி வேறொருவரிடம் இருக்கிறது என்று திரையில் பெட்டி வந்து நிற்கும், நெட்வொர்க் அறுந்துபோகும். அவள் ரிப்போர்ட்டை பிளாப்பியில் எடுத்து வந்து சர்வரிலிருந்து அனுப்பியிருக்கிறாள்.

பூபதிக்குப் போன் போட்டேன். “ஏன் சார் ஏழாம் நம்பருக்கு இப்படிப் பண்ணி வெச்சிருக்கான்?”

“அதா? போன வருஷம் எலி ஒயரைக் கடிச்சுக் கடிச்சு மெஷின் அடிக்கடி செவப்பு காட்டிட்டு இருந்துச்சுங்க. இங்க என் ஸ்கிரீன்ல எல்லா மெஷினுக்கும் ஒரு புள்ளி இருக்குதில்லீங்க. பச்சை எரிஞ்சா ஆள் வேலைல இருக்குதுன்னு அட்டெண்டன்ஸ். நான் சத்தம் போட்டேன். அர்த்தனாரி ஏதோ பண்ணுனான், அப்புறம் பச்சைதான்.”

“இப்பவும் பச்சையா?”

“ஜம்முன்னு எரியுதே.”

நான் போனை வைத்துவிட்டு மாஸ்க்கை மறுபடி பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். இந்த மாஸ்க் இருக்கும்வரை சர்வரின் பதில் ஒன்றுகூடக் கீழே போகாது. எல்லாம் லேப் கம்பிக்குள்ளேயேதான் போகும். கீழே பச்சை எரிய வழியே இல்லை.

இன்னொன்றும் உறைத்தது. ரிப்போர்ட் தவறான கம்பியில் போனால், வாங்க ஆளில்லாமல் ‘போகவில்லை’ என்று திரும்ப வேண்டும். பதிவில் ஒவ்வொன்றும் ‘சேர்ந்தது’ என்று இருந்தது. அந்தக் கம்பியின் மறுமுனையில் யாரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். மறுமுனை இந்த அறைதான்.

வேலையைப் பார்ப்போம் என்று மாஸ்க் இரண்டையும் திருத்தினேன். ஏலியாஸை எடுத்தேன். மெஹ்ரினிடம் மெஷினை ஆன் செய்யச் சொன்னேன்.

பெட்டி வந்தது. இந்த முகவரி வேறொருவரிடம் இருக்கிறது.

கூடவே அந்த வேறொருவரின் கார்டு எண்ணும் வந்தது. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிலும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் பதித்து அனுப்புவார்கள். ஒரு கார்டின் எண் இன்னொன்றுக்கு இருக்காது. வந்த எண் சர்வருடையது அல்ல. மெஹ்ரின் மெஷினுடையதும் அல்ல. இந்தக் கட்டடத்தில் வேறு மெஷின் ஓடவில்லை.

மெஹ்ரினின் மெஷினை அணைத்தேன். லேப் கம்பியைச் சர்வரிலிருந்தே பிடுங்கித் தரையில் போட்டேன். இனி ஏழைக் கூப்பிட்டால் சுவரைக் கூப்பிடுவது மாதிரிதான். சர்வரிலிருந்து கூப்பிட்டேன்.

பதில் வந்தது.

ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. நிதானமாக, வரிசையாக, வந்துகொண்டே இருந்தது.

அறையில் வாசனை கனத்தது. நாக்கின் மேல் படிந்தது. எச்சிலை விழுங்கப் பிடிக்காமல் கைக்குட்டையில் துப்பினேன்.

வெளியே போய்ச் சின்னுசாமியைப் பிடித்தேன். “இங்க வேற மெஷின் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

அவர் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றார். அந்தப் படியை அவர் தாண்டுவதே இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன்.

“பழைய மெஷினுங்க. பின்னால ஸ்டோர் ரூம்ல போட்டிருக்குது.” சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டார். “கோகிலவாணியோடதுங்க.”

“யாருங்க அது?”

“முன்ன வேலை பார்த்த பொண்ணுங்க. தேவனூர் நாட்டுப் புள்ளை.” மலையில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த பகுதி. அவர் குரல் தேய்ந்தது. “போன ஆடி நோம்பிக்கு நானு பைல் நாட்டுக்கு, ஊட்டுக்குப் போயிட்டனுங்க. மழைக்கு டாக்டரும் வரல. அந்தப் புள்ளை மட்டும் வேலை கெடக்குதுன்னு உள்ள தாப்பாப் போட்டுட்டு இருந்துச்சு. பண்டிகையும் அதுவுமா ஊட்டுக்கு வரலீன்னு அவங்காத்தா நடந்தே வந்து கதவைத் தட்டுச்சாமா. பதில் இல்ல. பூத்துல இருந்து கீழ ஆபீசுக்குப் போன் போட்டுச்சு. ஆபீஸ்ல என்ன சொன்னாங்க தெரியுங்களா? பச்சை எரியுது, உம்பொண்ணு வேலைல இருக்குது, தொந்தரவு பண்ணாதன்னாங்க.”

நான் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தேன்.

“ஆத்தாளும் சரீன்னு போயிருச்சுங்க. அடுத்த நாளும் போன் போட்டுச்சு. அதுக்கடுத்த நாளும். அதே பதிலுங்க. நோம்பி முடிஞ்சு நான் வந்து கதவை ஒடைச்சப்பத்தான்... மேசைக்கு அடியில, மெஷின் மேலயே கவுந்து கெடந்துச்சு. பாம்போ, கரண்டோ, என்னமோ. பாத்து சொல்ற நெலமைல இல்லீங்க ஒடம்பு.”

“நாத்தம் வரலீங்களா? ரோட்டுல போறவங்களுக்குக்கூடவா?”

“வந்துச்சுங்க” என்றார். “எல்லாரும் பலாப்பழம்னு நெனச்சுட்டாங்க.”

எனக்கு அர்த்தனாரியின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. பூபதியின் முகத்திலும். ஜம்முன்னு எரியுது என்றானே, அந்த வாயில். ஒரு பெண் செத்து, ஊறி, தரையோடு ஒட்டிக் கிடக்கும்போது, அவள் பேரில் ஒரு டப்பா “இருக்கிறேன், இருக்கிறேன்” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பெற்றவள் அதை நம்பித் திரும்பிப் போயிருக்கிறாள்.

ஸ்டோர் ரூம், மெஹ்ரின் படுத்துத் தூங்குகிற அறைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் அந்த மெஷின், படுக்கை வாட்டில் வைக்கிற பழைய தட்டை கேஸ். மேலே ஒரு பினாயில் பாட்டிலை அப்படியே கவிழ்த்திருக்கிறார்கள். துடைக்கவில்லை. ஊற்றியதோடு சரி.

கரண்ட் கம்பி இல்லை. நெட்வொர்க் கம்பி இல்லை. வெறும் தகரப் பெட்டி.

மூடியின் காற்றுத் துளைகளில் பழுப்பாக ஏதோ வழிந்து இறுகியிருந்தது, பாகு காய்ந்தது போல. ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினேன். மூடி லேசில் வரவில்லை. நூல் நூலாக இழுபட்டு, சப்பென்ற சத்தத்தோடு பிரிந்தது.

உள்ளே சொல்லக் கூடாதது இருந்தது. சொல்கிறேன், என்னோடு மட்டும் ஏன் இருக்க வேண்டும். மேலே கிடந்தவளிலிருந்து கசிந்ததெல்லாம் துளை வழியே இறங்கி, போர்டின் மேல் ஓர் ஏடாகப் படிந்திருந்தது. அதில் நீளமான முடி. காய்ந்த புழுக்கூடுகள், அரிசிப் பொரி மாதிரி. ஓரத்தில் இன்னும் ஈரம். ஒரு வருஷம் ஆகியும் ஈரம்.

நான் வெளியே ஓடி வாந்தியெடுத்தேன். வாயைக் கழுவிவிட்டு மறுபடி உள்ளே போனேன். பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு நெட்வொர்க் கார்டைப் பிடுங்கினேன். பைக்குள்ளிருந்தும் அதன் பிசுபிசுப்பு தெரிந்தது. ஸ்டிக்கரைத் துடைத்து எண்ணைப் பார்த்தேன்.

அதே எண்.

கார்டைக் கையில் பிடித்தபடியே சர்வர் முன்னால் வந்து நின்றேன். ஏழு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பதில் சொல்வது என் கையில் இருந்தது.

அப்புறம் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது. பயமான எதுவும் நடக்கவில்லை. மனசு சட்டென்று லேசானது. வேலை முடிந்தது, மாஸ்க் சரியானது, ஏழாம் நம்பர் பதில் சொல்கிறது, லேப்பில் ஆள் இருக்கிறது, இனி என்ன என்று தோன்றியது. கார்டை மேசையில் வைத்தேன். கையைத் துடைத்தேன். பையைத் தோளில் மாட்டினேன். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் வீடு போய்விடலாம். வேறு ஏதோ ஒரு வேலையாகவும் வந்தோமே என்று ஓர் உறுத்தல். என்னவென்று நினைவுக்கு வரவில்லை.

வாசல்வரை போய்விட்டேன்.

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

திரும்பினேன். தோலுரிந்த ஒரு கை. அதற்கப்பால் ஒரு பெண். வாய் திறந்து திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்துகிறாள். ஒரு சத்தமும் இல்லை. யார் இந்தப் பெண் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் ஓடியது. அம்மாவின் கண் மாதிரி இருந்தது.

மெஹ்ரின்.

பெயர் நினைவுக்கு வந்ததும் அவளையும் இழுத்துக்கொண்டு சர்வருக்குத் திரும்பினேன். சர்வரில் பதில்கள் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. மெஹ்ரினின் வாய் அசைவு மெதுவாகிக்கொண்டே வந்தது. அவளே தான் சொல்ல வந்ததை மறக்கிற மாதிரி.

ஒரு முகவரி, இரண்டு பேர். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் அது கிடைக்காது. இத்தனை நாளாக அந்த இன்னொருத்தி ஏலியாஸுக்குள், அர்த்தனாரி கட்டி வைத்த இடத்தில், இருந்திருக்கிறாள். மெஹ்ரினிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்திருக்கிறாள். நான் வந்து அந்த இடத்தைக் காலி செய்துவிட்டேன். இப்போது அவளுக்கு முழுசாக ஓரிடம் வேண்டும்.

என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. எந்த அசிங்கத்தைப் பார்த்துக் காறித் துப்பினேனோ, அதையே என் கையால் செய்தேன். லேப் கார்டின் மேல் ஏலியாஸ். முகவரி ஏழு. என்டரைத் தட்டினேன்.

“...காது கேக்கலயா உனக்கு, எத்தனை தடவை கத்தறது” என்று மெஹ்ரினின் குரல் நடுவாக்கியத்திலிருந்து அறைக்குள் வந்து விழுந்தது.

அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் மேல் அந்த வாசனை இருந்தது. இருந்தால் இருக்கட்டும் என்று கட்டிக்கொண்டேன்.

“வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்” என்றாள், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு. “கூட்டிட்டுப் போ.”

ஏழாம் நம்பரைச் செத்தவளுக்கே விட்டுவிட்டேன். அவளுக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை, முகவரியாவது இருக்கட்டும். துணியைக்கூட எடுக்கவில்லை, மெஹ்ரினின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் சின்னுசாமி அவளைப் பார்த்து, “போய்ட்டு வா கண்ணு” என்றார். அவர் அவளைப் பார்த்தார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் அவளிடம் சில்லறை கேட்டுச் சத்தம் போட்டார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

வளைவுகள் இறங்க இறங்க மூட்டம் விலகியது. அடிவாரத்தில், காரவள்ளியில், வெயில் அடித்தது. மெஹ்ரின் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள். நான் அவளை எழுப்பி எழுப்பிப் பேச வைத்துக்கொண்டே வந்தேன். எரிச்சலில் இரண்டு தடவை திட்டினாள். திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவளை வாசலிலேயே அணைத்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைச் சுளித்து, “முதல்ல குளி போ” என்றார். மெஹ்ரின் வெந்நீரில் தலை முழுகினாள். இரண்டு தரம் சோப்புப் போட்டாள். நான் முன்னறையில் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, என் கையை முகர்ந்து பார்த்தேன். கை கழுவிய எலுமிச்சை சோப்பின் மணம் மட்டும்தான். மலையைத் தாண்டி வந்துவிட்டோம். அப்படித்தான் நம்பினேன்.

மெஹ்ரின் குளித்துவிட்டு முன்னறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி என் பாதத்தில் விழுந்தது. நல்ல வாசனை, சீயக்காய் வாசனை. “பசிக்குதுண்ணே” என்றாள். எத்தனை மாதமாயிற்று அவள் அதைச் சொல்லி.

அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டார். “மெஹ்ரின், ஈரத் தலையோட நிக்காத. வா, துவட்டி விடறேன்.”

மெஹ்ரின் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

பதில் உள்ளறையிலிருந்து வந்தது. “இங்க இருக்கேம்மா.”

மெஹ்ரினின் குரல்தான். மெஹ்ரின் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

அம்மா துண்டோடு எங்களைக் கடந்து போனார். மெஹ்ரின் கையை நீட்டினாள். அம்மா அதன் மேல் உரசிக்கொண்டே போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. துண்டால் தலையைத் துவட்டும் சத்தம் கேட்டது. அம்மா தூங்க வைக்கிற குரலில் ஏதோ கொஞ்சிக்கொண்டே துவட்டினார்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மெஹ்ரின் என் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

உள்ளே துவட்டும் சத்தம் நின்றது.

“ஏங் கண்ணு” என்றார் அம்மா, கவலையாக. “தலைமுடி இப்படிக் கொத்துக் கொத்தாக் கையோட வருது?”